சுதந்திரப் போரும் அடிமையின் கடமையும்

ஒரு நாடு கடல் கடந்த ஆட்சிக்கு எதிராகப் போர் தொடுக்கின்றது. அந்நாட்டினுள்ளேயே மனிதரை மனிதர் விலை கொடுத்து வாங்கி ஆளும் வழக்கமும் வேரூன்றி நிற்கின்றது. போருக்குத் தலைமை தாங்குவோர் அவ்வடிமைகளின் எசமானர்கள். மறுபக்கத்தே நிற்கும் ஆட்சியாளனோ, தன் தேவை கருதி, 'எம்மிடம் வருவோருக்கு விடுதலை' என்று பறைசாற்றுகின்றான். இந்நிலையில் அடிமையின் கடமை யாது? நாட்டின் விடுதலைக்காகத் தன் விடுதலையை அவன் ஒத்திவைக்க வேண்டுமா? அந்நிய படையிடம் அவன் ஓடிச் சேர்வானாயின், அவனைத் துரோகி எனல் தகுமா?

இவ்வினா வெறும் தருக்கப் பயிற்சிக்காக நாம் புனைந்து கொண்டதன்று. அமெரிக்காவின் தென் கரையிலே, தென் கரோலினாவிலும் ஜோர்ஜியாவிலும், 1775 முதல் 1782 வரை பல்லாயிரம் மக்கள் இவ்வினாவுக்குத் தம் உயிரைப் பணயம் வைத்து விடை கூற வேண்டியிருந்தது. அவர்கள் கூறிய விடையை நியாயமாக மதிப்பிட வேண்டுமாயின், அக்கரையின் வரலாற்றை அதன் பொருளாதார அடித்தளத்திலிருந்தே நாம் நோக்குதல் வேண்டும்.

சாள்ஸ்டன் நகரின் முதற் குடியேற்றம் 1670 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. குடியேறியோரிற் பலர் பார்படோஸ் தீவிலிருந்து வந்த கரும்புத் தோட்ட முதலாளிகள். அடிமை முறையைத் தம் பெட்டி படுக்கையுடன் கூடவே கொண்டு வந்தவர்கள். குடியேற்றத்துக்கென 1669 இல் வரையப்பட்ட அடிப்படை யாப்பில், சுதந்திர மனிதன் ஒவ்வொருவனுக்கும் தன் கறுப்பின அடிமைகள் மீது முழு அதிகாரம் உண்டென விதிக்கப்பட்டிருந்தது. அவ்வாவணம் உருவாகியபோது குடியேற்ற உரிமையாளர்களின் செயலாளராக இருந்து அதிற் பங்கு கொண்டவர் ஜோன் லொக். மனிதனின் இயற்கை உரிமைகளைப் பற்றிப் பிற்காலத்தில் உலகுக்குப் போதித்த தத்துவஞானி அவரே. சுதந்திரம் பற்றிய தத்துவமும் அடிமை முறை பற்றிய சட்டமும் ஒரே மேசையில் எழுதப்பட்டன என்பதை நாம் தொடக்கத்திலேயே மனங்கொள்ள வேண்டும்.

அக்கரையின் செல்வம் நெல்லிலிருந்து பிறந்தது. சதுப்பு நிலக் காடுகளை வெட்டி, வரம்பு கட்டி, வாய்க்கால் அகழ்ந்து, மதகுகள் அமைத்து, கடல் வற்றுப்பெருக்கின் விசையாலேயே ஆற்று நீரை வயலுக்குள் ஏற்றியும் இறக்கியும் பயிர் செய்யும் முறை அங்கு வளர்ந்தது. இவ்வேலை அனைத்தையும் செய்தவர்கள் ஆபிரிக்க அடிமைகள். அவர்களிற் பலர் மேற்கு ஆபிரிக்காவின் நெல் விளையும் கரைகளிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள். உரலும் உலக்கையும், புல்லினால் இழைத்த சுளகும் அவர்கள் கையோடு அக்கரைக்கு வந்த கருவிகள். நாள் ஒன்றுக்குக் கால் ஏக்கர் என்பது வயல் வேலையின் வழக்கமான அளவு. முழங்கால் அளவு சேற்றிலே, மலேரியா நுளம்புகளின் நடுவே, அவ்வளவை முடித்த பின்னரே அடிமை தன் குடிசைக்குத் திரும்பலாம். கோடைக் காய்ச்சலுக்கு அஞ்சிய எசமானர் குடும்பங்கள் அக்காலத்தில் நகருக்குப் பெயர்ந்துவிடும். 1740 களில் நெல்லோடு அவுரிச் செய்கையும் சேர்ந்து கொண்டது.

1708 அளவிலேயே தென் கரோலினாவில் கறுப்பினத்தவர் பெரும்பான்மையினராகி விட்டனர். வட அமெரிக்காவின் பிரித்தானியக் குடியேற்றங்களுக்குக் கொண்டு வரப்பட்ட ஆபிரிக்கருள் ஐந்தில் இரு பங்கினர் அளவிலானோர் சாள்ஸ்டன் துறைமுகத்தின் ஊடாகவே வந்தனர் என்பர். கப்பலில் வந்தோரை நோய்த்தடுப்புக்காக முதலில் சலிவன் தீவில் அடைத்து வைத்து, பின்னர் நகரிலே ஏலம் கூறி விற்றனர்.

பெரும்பான்மையினரை அடக்கி ஆளும் சிறுபான்மை வர்க்கம் அச்சமின்றி உறங்க முடியாது. 1739 செப்டெம்பர் 9 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஸ்டோனோ ஆற்றங்கரையில் ஏறத்தாழ இருபது அடிமைகள் ஒன்று கூடிக் கடையொன்றை உடைத்து ஆயுதங்களைக் கைப்பற்றினர். தெற்கே புளோரிடாவை ஆண்ட ஸ்பானியர், ஆங்கிலேயரிடமிருந்து தப்பி வரும் அடிமைகளுக்கு விடுதலை அளிப்பதாக அறிவித்திருந்தனர். அவர்களுக்கென மோசே என்னும் குடியிருப்பும் 1738 இல் அங்கு அமைக்கப்பட்டிருந்தது. அதனை நோக்கியே கிளர்ச்சியாளர் நடந்தனர். கொடி பிடித்து, பறை முழக்கி, 'விடுதலை' என்று கூவிச் சென்றனர் என அக்காலக் குறிப்பொன்று தெரிவிக்கின்றது. குடியேற்றப் படை அவர்களைச் சிதறடித்துக் கொன்றது. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்துக்கு 37 ஆண்டுகளுக்கு முன்னரே, அந்த மண்ணில் விடுதலை என்னும் சொல்லைப் படை நடையிற் சேர்த்தவர்கள் அடிமைகள்.

இக்கிளர்ச்சிக்கு ஆளும் வர்க்கம் அளித்த பதில் 1740 ஆம் ஆண்டின் அடிமைச் சட்டம். அடிமைக்கு எழுதக் கற்பிப்போருக்கு 100 பவுண் தண்டம். பறையும் கொம்பும் தடை. கூட்டம் கூடல் தடை. தமக்கெனப் பொருளீட்டல் தடை. அதே சட்டம் எசமானரின் 'கொடுமையை'க் கட்டுப்படுத்தவும் முனைந்தது: கோடையில் நாளொன்றுக்குப் 15 மணி நேரத்துக்கு மேலும், ஏனைய காலத்தில் 14 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்குதல் ஆகாது! 15 மணி நேர உழைப்பைக் கருணையாக எண்ணிய சமுதாயம் அது.

இங்கு ஒரு வாதத்தை நாம் எதிர்கொள்ள வேண்டும். 'அது அக்காலத்தின் இயல்பு. இன்றைய அறத்தால் அன்றைய மனிதரை அளத்தல் ஆகாது' என்பர் சிலர். வரலாற்று நோக்குடையோர் எவரும் காலத்தின் வரம்பை மறுப்பதில்லை. ஆனால் அவ்வரம்பு எங்கிருந்தது என்பதை ஊகத்தால் அன்றி ஆதாரத்தால் அறிதல் வேண்டும். ஆதாரம் ஜோர்ஜியாவில் உண்டு.

1733 இல் ஒகில்தோர்ப் என்பாரின் தலைமையில் சவன்னாவில் தொடங்கிய ஜோர்ஜியாக் குடியேற்றத்தில், 1735 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அடிமை முறை தடை செய்யப்பட்டிருந்தது. தடையின் நோக்கம் தூய அறம் மட்டுமன்று. ஸ்பானியருக்கு எதிரான எல்லைக் காவலுக்கு உழைப்பாளிகளான வெள்ளையர் குடிகளே தேவை என்ற கணக்கும் அதில் இருந்தது. 1738 இறுதியில் சவன்னாக் குடியேறிகள் நூற்றுக்கு மேற்பட்டோர் தமக்கும் அடிமைகள் வேண்டுமென மனுச் செய்தனர். ஆனால் 1739 சனவரியில், தெற்கேயிருந்த டாரியன் என்னும் ஊரில் வாழ்ந்த ஸ்கொட்லாந்து மலைநாட்டார் 18 பேர், அடிமை முறை வேண்டாம் என்று எதிர் மனு ஒன்றை எழுதினர். அடிமைகள் ஸ்பானியரிடம் ஓடுவர் என்ற நடைமுறைக் காரணங்களோடு, மனித இனத்தில் ஒரு பகுதியினரை என்றென்றைக்கும் அடிமைத்தனத்துக்கு உள்ளாக்குதல் மனித இயல்புக்கே அதிர்ச்சி தருவது என்ற காரணத்தையும் அவர்கள் அதில் கூறினர். மண்ணை உழுது வாழ்ந்த சாதாரண குடியானவருக்கு 1739 இல் தெரிந்த உண்மை, நூலகம் நிறைய நூல்கள் வைத்திருந்த சாள்ஸ்டன் கனவான்களுக்குத் தெரியாமற் போனது அறிவின் குறையாலன்று. நெல்லின் விலை அவர்களின் கண்ணை மறைத்தது. 1751 தொடக்கத்தில் ஜோர்ஜியாவின் தடையும் நீங்கிற்று. கால் நூற்றாண்டுக்குள் அங்கும் சனத்தொகையில் ஏறத்தாழப் பாதி அடிமைகளாயினர். காலம் எவரையும் அடிமை வாங்குமாறு கட்டாயப்படுத்தவில்லை, இலாபமே அழைத்தது.

இனி, புரட்சியின் காலத்துக்கு வருவோம். 1765 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் முத்திரை வரி விதித்தபோது, சாள்ஸ்டன் நகரத் தெருக்களில் 'சுதந்திரம்' என்ற முழக்கம் எழுந்தது. முத்திரைத் தாள்களைத் தேடிய கூட்டம், நகரின் பெரு வணிகராகிய ஹென்றி லோரன்ஸின் வீட்டினுள்ளும் நள்ளிரவில் நுழைந்தது. அடுத்த ஆண்டு சனவரியில் அதே தெருவில் கறுப்பினத்தவர் சிலர் அதே சொல்லைக் கூவினர். உடனே நகர் முழுவதும் ஒரு வாரம் ஆயுதம் தாங்கி விழித்திருந்தது. சொல் ஒன்றே, தெருவும் ஒன்றே. வெள்ளையன் வாயில் அது உரிமை, கறுப்பின மனிதன் வாயில் அது சதி. நகரின் சுதந்திரப் புதல்வருக்குத் தலைவராக விளங்கிய கிறிஸ்தோபர் காட்ஸ்டனும் அடிமைகளை உடையவரே. அவர் கட்டுவித்த இறங்குதுறையில்தான் பிற்காலத்தில், 1806 - 1807 ஆண்டுகளில், அடிமைக் கப்பல்கள் வந்து தம் மனிதச் சரக்கை இறக்கின.

1775 ஆகஸ்டு 18 ஆம் நாள் தோமஸ் ஜெரமையா என்னும் கறுப்பினத்தவர் சாள்ஸ்டனில் தூக்கிலிடப்பட்டார், உடல் எரிக்கப்பட்டது. அவர் அடிமையல்லர். கப்பல்களைத் துறைமுகத்துள் வழிகாட்டி அழைத்து வரும் தொழிலில் தேர்ந்து செல்வம் சேர்த்த சுதந்திர மனிதர். அவர்தாமும் சில அடிமைகளை வைத்திருந்தார். அடிமைகளைக் கிளர்ச்சிக்குத் தூண்டினார், அரச கடற்படைக்கு வழிகாட்டத் திட்டமிட்டார் என்பன குற்றச்சாட்டுகள். சுதந்திர மனிதராகிய அவரை அடிமைகளுக்கான 1740 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே விசாரித்தனர். ஆளுநர் வில்லியம் கம்பெல் அவர் குற்றமற்றவரென வாதாடியும் பயன் விளையவில்லை. செல்வம் சேர்த்து எசமானர் வர்க்கத்துள் புகுந்துவிடலாம் என எண்ணிய ஒருவருக்கு, நெருக்கடி வந்தபோது அவ்வர்க்கத்தின் கதவு எவ்வாறு மூடிக் கொண்டது என்பதை இவ்வரலாறு காட்டும். ஒடுக்கப்பட்டோரிடையே தனிமனித முன்னேற்றத்தையே விடுதலையெனக் கருதுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர்.

மேலே குறிப்பிட்ட ஹென்றி லோரன்ஸின் வாழ்க்கை நம் வினாவுக்கு மிக நெருங்கியது. ஆயிரக்கணக்கான ஆபிரிக்கரை விற்றுக் கொடுத்த வணிக நிறுவனத்தின் பங்காளி அவர். 1777 - 1778 இல் அமெரிக்கக் கொங்கிரசின் தலைவராகவும் இருந்தார். சுதந்திரப் பிரகடனம் வெளியான சில வாரங்களின் பின், 1776 ஆகஸ்டு 14 ஆம் நாள், தம் மகன் ஜோனுக்கு எழுதிய கடிதத்தில் அடிமை முறையைத் தாம் வெறுப்பதாகத் தெரிவித்தார். அதே கடிதத்தில் தம் அடிமைகள் ஏலத்தில் 20,000 பவுண் பெறுவர் என்ற கணக்கும் உண்டு. அவர்களை விடுவிக்கும் வழிகளைத் தாம் சிந்தித்து வருவதாகவும், நாட்டின் சட்டமும் வழக்கமும் தடையாயிருப்பதாகவும் கூறினார். விடுவித்தது மிகச் சிலரையே. இது வெறும் பாசாங்கு என நாம் கருதவில்லை; அவருடைய மனச்சாட்சி உண்மையாகவே உறுத்தியிருக்கலாம். ஆனால் தன் வர்க்கத்தின் நலனோடு முறித்துக் கொள்ளத் துணியாத மனச்சாட்சி கடிதங்களை எழுதும், விலங்குகளைக் கழற்றாது.

மகன் ஜோன் லோரன்ஸ் தந்தையினும் ஒரு படி முன் சென்றார். தமக்கு உரிமையாக வர வேண்டிய அடிமைகளைப் போர்வீரராக்கி விடுவிக்கலாம் என 1778 தொடக்கத்தில் தந்தைக்கு எழுதினார். 1779 மார்ச்சு 29 ஆம் நாள் கொங்கிரஸ் அத்திட்டத்தை ஏற்றது: தென் கரோலினாவும் ஜோர்ஜியாவும் 3,000 கறுப்பின வீரரைத் திரட்டுக; எசமானருக்கு ஆளுக்கு 1,000 டொலர் வரை ஈடு; போர் முடிவில் வீரனுக்கு விடுதலையும் 50 டொலரும். ஆங்கிலப் படை வாசலில் நின்ற வேளை அது. ஆயினும் தென் கரோலினாச் சட்டசபை அத்திட்டத்தைச் சினத்துடன் தள்ளியது. 1782 வரை மீண்டும் மீண்டும் தள்ளியது. அதற்கு மாறாக, 1781 இல் தளபதி தோமஸ் சம்ரர், அரச பக்தரின் தோட்டங்களிலிருந்து கைப்பற்றிய அடிமைகளையே தம் வீரருக்குச் சம்பளமாக வழங்கினார். சுதந்திரத்துக்காகப் போரிட்டவனுக்கு மனிதனே கூலி! நாடு பறிபோனாலும் போகட்டும், அடிமைகள் கையை விட்டுப் போகலாகாது என்பதே அவ்வர்க்கத்தின் முடிவாயிருந்தது. நாட்டின் விடுதலையை அடிமை விடுதலையோடு பிணைக்கும் வாய்ப்பு அவர்கள் கையிலேயே இருந்தது என்பதையும், அறிந்தே அதனை உதறினர் என்பதையும் வாசகர் மனத்திருத்த வேண்டும். அடிமையின் கடமையைப் பற்றி நாம் வழங்கும் தீர்ப்பு இதனை ஒதுக்கிவிட்டு அமைதல் இயலாது.

மறுபக்கத்தையும் அதே கண்டிப்போடு நோக்குவோம். 1778 திசெம்பர் 29 ஆம் நாள் ஆர்ச்சிபால்ட் கம்பெல் என்னும் தளபதி சவன்னாவைக் கைப்பற்றினார். சதுப்பு நிலத்தின் ஊடாக மறைவான பாதை ஒன்றைக் காட்டி அவர் படையை அழைத்துச் சென்றவர் குவாமினோ டொலி என்னும் அடிமை. 1779 யூன் 30 ஆம் நாள் பிரித்தானியத் தளபதி கிளின்டன் விடுத்த பிரகடனம், கிளர்ச்சியாளரை விட்டு வரும் அடிமைகளுக்குப் பாதுகாப்பு உறுதி கூறிற்று. அதே பிரகடனம், கிளர்ச்சியாளருக்காகப் பணி செய்கையில் பிடிபடும் கறுப்பினத்தவரைப் பிடித்தோர் நலனுக்கு விற்கலாம் என்றும் விதித்தது. அரச பக்தரின் அடிமைகளுக்கோ அதில் எந்த நன்மையும் இல்லை. ஆகவே இது அடிமை ஒழிப்பன்று, எதிரியின் சொத்தைச் சிதைக்கும் போர்த் தந்திரம். முகாம்களில் பெரியம்மை பரவியபோது நோயுற்ற கறுப்பின மக்களைப் பிரித்தானியர் கைவிட்டனர். 1781 இல் யோர்க்டவுண் முற்றுகையில் உணவு குறைந்தபோது கோர்ன்வாலிஸ் அவர்களை அரணுக்கு வெளியே துரத்தினார்.

அத்தளபதிகளின் பிற்கால வரலாறு நம் பக்கத்து மக்களுக்கு அந்நியமானதன்று. சவன்னாவைக் கைப்பற்றிய அதே ஆர்ச்சிபால்ட் கம்பெல் 1786 முதல் 1789 வரை சென்னையின் ஆளுநர். தென் கரோலினாவில் போர் நடத்திய கோர்ன்வாலிஸ் 1786 இல் வங்காளத்துக்கு ஆளுநர் நாயகமாக வந்து, 1793 இல் நிலையான நிலவரித் திட்டத்தால் சமீந்தார்களை நிலைநிறுத்தினார். அமெரிக்கப் போரில் பிரான்சும் ஒல்லாந்தும் சிக்கிக் கொண்டதன் விளைவாகவே, 1782 இல் நமது திருகோணமலை, சனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஆகஸ்டில் ஆங்கிலேயரிடமிருந்து பிரஞ்சுக்காரருக்கும் கை மாறிற்று. சவன்னா அடிமைக்கு விடுதலை கூறிய பேரரசும், நம் மக்களுக்கு நுகத்தடி பூட்டிய பேரரசும் ஒன்றே. பேரரசுகள் ஒடுக்கப்பட்டோரின் குறைகளைக் கண்டு இரங்குவதில்லை, பயன்படுத்துகின்றன.

இவ்வாறாயின், அப்படையிடம் ஓடிய அடிமை ஏமாந்தவனா, துரோகியா?

துரோகம் என்பது நம்பிக்கைக்கு மாறாக நடத்தல். நம்பிக்கை இருந்த இடத்திலேயே துரோகம் இருக்க முடியும். ஒரு சமுதாயம் தன் உறுப்பினனிடம் விசுவாசத்தைக் கோரும் உரிமை, அவனை உறுப்பினனாக ஏற்றதிலிருந்தே பிறக்கின்றது. தென் கரோலினா தன் அடிமையை உறுப்பினனாக ஏற்கவில்லை. சட்டத்தின் கண்ணில் அவன் அசையும் சொத்து. மேசை நாற்காலியிடம் தேசபக்தியை எவரும் எதிர்பார்ப்பதில்லை. மனிதன் என்ற கடமையை அவனிடம் கேட்பதாயின், மனிதன் என்ற உரிமையை முதலில் அவனுக்கு அளித்தல் வேண்டும். இரண்டையும் மறுத்துவிட்டு ஒன்றை மட்டும் கோருதல் நியாயமாகாது.

'நாட்டின் விடுதலை முதலில். ஏனையவை பின்னர்' என்னும் வாதம் இங்கு எழும். இவ்வாதத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிடல் கூடாது. பொது எதிரிக்கு முன்னால் ஒற்றுமை குலைதல் எல்லோருக்கும் கேடு என்பது பல நாடுகளின் அனுபவம். உரிமைகளை நிலைநாட்டும் பொருட்டுச் சில வேளைகளில் பொறுத்திருத்தலும் அறமே. ஆனால் பொறுமையைக் கேட்பவன் இரு நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும். முதலாவது, அவனும் தன் நலனில் எதையேனும் விட்டுக் கொடுத்தல் வேண்டும். இரண்டாவது, பின்னர் அளிப்பதாகக் கூறுவதை உண்மையிலேயே அளிக்கும் எண்ணம் அவனுக்கு இருத்தல் வேண்டும். தென் கரையின் தலைவர்கள் இவ்விரண்டிலும் தவறினர். போர்க்காலத்தில் 3,000 பேரை விடுவிக்க மறுத்தனர். போர் முடிந்து 1787 இல் அரசியல் யாப்பு எழுதியபோது, அடிமை வாணிபத்தை 1808 வரை தடை செய்யலாகாது என்ற விதியைத் தென் கரோலினாவும் ஜோர்ஜியாவும் வற்புறுத்திப் பெற்றன. 1803 இல் சாள்ஸ்டன் அவ்வாணிபத்தை மீண்டும் திறந்து, 1807 முடிவுக்குள் ஏறத்தாழ 40,000 ஆபிரிக்கரை இறக்குமதி செய்தது. பொறுத்திருந்த அடிமைக்குக் கிடைத்த 'பின்னர்' இதுவே.

ஓடிச் சென்றவர்கள் ஏமாளிகளுமல்லர் என்பதற்கு அவர்களின் பிந்திய வரலாறே சான்று. சாள்ஸ்டனுக்கு அருகே பிறந்த பொஸ்டன் கிங் என்னும் தச்சர், எசமானின் கொடுமைக்கு அஞ்சிப் பிரித்தானியரிடம் சேர்ந்தார். அம்மை கண்டு பிழைத்தார். நியூ யோர்க் சேர்ந்தார். அங்கு சமாதானச் செய்தி வந்தபோது எல்லோரும் மகிழ, அவரும் அவர் போன்றோரும் அஞ்சி நடுங்கினர். அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1782 நவம்பர் 30 ஆம் நாள் பாரிஸ் நகரில் பூர்வாங்க உடன்படிக்கை கைச்சாத்தானபோது, கறுப்பினத்தவரை உடன் கொண்டு செல்லலாகாது என்ற வாசகத்தைச் சேர்த்தவர் அடிமை முறையை வெறுப்பதாக எழுதிய அதே ஹென்றி லோரன்ஸ். அதற்கு இணங்கிய பிரித்தானியப் பிரதிநிதி ரிச்சர்ட் ஒஸ்வால்ட், சியராலியோன் ஆற்றுமுகத்தில் பன்ஸ் தீவு அடிமைக் கோட்டையின் பங்காளியாயிருந்து லோரன்ஸுக்கு ஆட்களை அனுப்பிய பழைய கூட்டாளி. இரு நாடுகள் போரிட்டன. இரு வணிகர்கள் சமாதானம் செய்து கொண்டனர். கொடிகள் வேறாயினும் வர்க்கம் ஒன்றெனின் உடன்பாடு எளிதாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

தளபதி கார்ள்ரன் அவ்வாசகத்துக்கு வேறு பொருள் கூறி, முன்னரே விடுதலை பெற்றோரை ஒப்படைக்க மறுத்தமையால், ஏறத்தாழ 3,000 பேர் 1783 இல் பெயர் பதியப்பட்டு நியூ யோர்க்கிலிருந்து வெளியேறினர். 1782 திசெம்பர் 14 ஆம் நாள் சாள்ஸ்டனை விட்டு நீங்கிய கப்பல்களிலும் கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அரச பக்தரின் அடிமைகளாகவே ஜமேய்க்காவுக்கும் புளோரிடாவுக்கும் சென்றனர். விடுதலை பெற்றோராய்ச் சென்றவருள் டேவிட் ஜோர்ஜ் என்னும் போதகர் ஒருவர். நோவா ஸ்கோஷியாவின் குளிரிலும் கல்லு நிலத்திலும் அவர்கள் வாடினர். 1784 இல் ஷெல்பேண் என்னும் ஊரில் வேலையற்ற வெள்ளைப் போர்வீரர் அவர்களின் வீடுகளை இடித்தனர். 1792 இல் ஏறத்தாழ 1,200 பேர் அங்கிருந்தும் புறப்பட்டுச் சியராலியோன் சேர்ந்து பிரீடவுண் நகரை நிறுவினர். பன்ஸ் தீவின் அடிமைக் கோட்டை அதே ஆற்றுமுகத்தில் அப்போதும் இயங்கிக் கொண்டிருந்தது. அங்கும் பிரித்தானியக் கம்பனி அவர்களின் நிலத்துக்கு வரி கேட்டது. 1800 இல் அவர்களுள் ஒரு பகுதியினர் கம்பனிக்கு எதிராகவே கிளர்ந்தெழுந்தனர்.

இந்த இறுதிச் செய்தி நம் முதல் வினாவைத் தீர்த்து வைக்கின்றது. அவர்கள் மன்னனின் அடியார்களாயின் மன்னனின் கம்பனிக்கு எதிராக எழுந்திருக்க மாட்டார்கள். அவர்களின் விசுவாசம் என்றும் ஒன்றிடமே இருந்தது: தம் உழைப்பும் தம் உடலும் தமக்கே உரியன என்ற கொள்கையிடம். அக்கொள்கைக்குத் துரோகம் செய்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். அவர்களின் கையொப்பங்கள் பிரகடனங்களின் அடியில் உள.

இனி ஒரு வினா எஞ்சுகின்றது. அடிமைகளின் எசமானர் கூறிய சுதந்திரம் என்பதால் அச்சுதந்திரக் கோட்பாடே பொய்யாகிவிடுமா? அன்றைய ஆங்கிலப் பேரறிஞர் சாமுவேல் ஜோன்சன், அடிமைகளை ஓட்டுவோரே சுதந்திரத்துக்காக உரத்துக் குரலெழுப்புவதை 1775 இல் எள்ளி நகையாடினார். எள்ளல் நியாயமானதே. ஆனால் அதனை அவர் எழுதியது பாராளுமன்றத்தின் வரி விதிக்கும் உரிமையைத் தாங்கிப் பேசும் நூலில் என்பதை மறத்தலாகாது. பிறர் பாசாங்கைக் காட்டித் தம் ஆதிக்கத்தை நியாயப்படுத்தல் ஆளுவோரின் பழைய உபாயம்.

உண்மை, அதனைக் கூறியவனின் சொத்தன்று. எல்லா மனிதரும் சமம் என்ற கூற்று, எழுதியோரின் எண்ணத்தையும் மீறி, கேட்டோரின் கைக்குச் சென்றது. மசசூசெற்ஸ் அடிமைகள் அதே கோட்பாட்டைக் கையிலெடுத்துச் சட்டசபைக்கு மனுக்கள் எழுதினர், நீதிமன்றமும் ஏறினர். அங்கு 1783 அளவில் அடிமை முறை சட்ட ஆதாரம் இழந்தது. பென்சில்வேனியா 1780 இல் படிப்படியான ஒழிப்புச் சட்டம் இயற்றியது. புரட்சியின் பக்கம் நின்று போரிட்ட கறுப்பின வீரரும் ஐயாயிரவர் அளவில் இருந்தனர் என மதிப்பிடப்படுகின்றது. அவர்களும் தவறு செய்தவர்களல்லர். விடுதலைக்கு எப்பக்கம் கதவு திறந்ததோ அப்பக்கம் அவர்கள் நடந்தனர். தென் கரையிலும், டாரியன் ஊரார் 1775 சனவரி 12 ஆம் நாள் கூடி, அடிமை முறையைக் கண்டித்தும் அதனை ஒழிக்க முயல்வோமென உறுதி கூறியும் தீர்மானம் நிறைவேற்றினர். அத்தீர்மானத்தில் முன்னின்ற லக்லான் மக்கின்டோஷ் தாமே அடிமைகளைக் கொண்டு நெல் விளைவித்தவர். தீர்மானம் ஏட்டில் நின்றது. அடிமைகள் வயலில் நின்றனர். எனினும் அவ்வேடு பொய்யன்று. அது செலுத்தப்படாத கடன் பத்திரம்.

அக்கடனை வசூலித்தவர்கள் யார்? ஜோன் லோரன்ஸ் 1782 ஆகஸ்டு 27 ஆம் நாள் தென் கரோலினாவின் கொம்பாஹி ஆற்றங்கரையில், சிறு மோதல் ஒன்றில் இறந்தார். அவரது கறுப்பினப் படைத் திட்டமும் அவரோடு புதைந்தது. 81 ஆண்டுகளின் பின், 1863 யூன் 2 ஆம் நாள், அதே கொம்பாஹி ஆற்றில் கறுப்பினப் போர்வீரரை ஏற்றிய கப்பல்கள் வந்தன. வழிகாட்டி வந்தவர் ஹரியட் டப்மன் என்னும் பெண், தாமே அடிமைத்தளையிலிருந்து தப்பியவர். அன்று நெல் வயல்களிலிருந்து 700 க்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். கனவானின் நல்லெண்ணத்தால் நிறைவேறாத திட்டம் ஒடுக்கப்பட்டோரின் கைகளால் நிறைவேறிற்று.

டாரியன் தீர்மானம் நிறைவேறிச் சரியாக 90 ஆண்டுகள் கழிந்து, 1865 சனவரி 12 ஆம் நாள், சவன்னாவில் இருபது கறுப்பினப் போதகர்களைத் தளபதி ஷேர்மனும் போர் அமைச்சர் ஸ்ரான்ரனும் சந்தித்தனர். சுதந்திரம் என்றால் என்ன என்று அவர்களிடம் வினவப்பட்டது. அவர்கள் சார்பில் விடை கூறியவர் கரிசன் பிரேசியர், 67 வயதினர், எட்டாண்டுகளுக்கு முன் 1,000 டொலர் கொடுத்துத் தம்மையும் தம் மனைவியையும் விலைக்கு வாங்கி விடுவித்துக் கொண்டவர். எம் உழைப்பின் பயனை நாமே அடைதல் சுதந்திரம், அதற்கு எமக்கு நிலம் வேண்டும் என்பதே அவர் விடையின் சாரம். நான்கு நாட்களின் பின் ஷேர்மன் இட்ட கட்டளை, சாள்ஸ்டனுக்குத் தெற்கே புளோரிடாவின் சென் ஜோன்ஸ் ஆறு வரையிலான கரையோர நெல் வயல்களைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பகிர்ந்தளிக்க விதித்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் சனாதிபதி அன்ட்ரூ ஜோன்சன் அந்நிலங்களைப் பழைய எசமானருக்கே திருப்பிக் கொடுக்கச் செய்தார்.

லொக்கும் லோரன்ஸும் சுதந்திரத்தை எழுதிய ஆவணங்களில் சேற்றில் நின்று நெல் விளைவித்தவனின் பெயர் இல்லை. பிரேசியரின் விடையிலோ நிலமும் உழைப்பும் விளைவும் உண்டு. எந்த நாட்டிலாயினும் எவரேனும் நம் முன் வந்து விடுதலை என்ற சொல்லை உச்சரிக்கும்போது, ஆசிரியரும் மாணவரும் அவரிடம் முதலிற் கேட்க வேண்டியவை இரண்டு. உமது விடுதலையில் வயலில் நிற்பவன் எங்கே நிற்கின்றான்? அவனுக்குரியதை என்று கொடுக்கப் போகின்றீர்? இவற்றுக்கு விடை தர மறுப்பவர் பிறரைத் துரோகி என அழைக்கும் தகுதியை இழந்தவராவர்.